கள்ளிச் செடிக்கு ஒரு தாம்பாளம்

அக்டோபர் 30, வியாழன்

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். காரணம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காலையில் சாரல் அடித்ததென்று மாடியிலிருந்த முயல்காதுச் செடியைத் தூக்கிவந்து பிளாஸ்டிக் சேரில் வைத்தேன். வைத்தது நான். கால் மணி நேரம் கழித்து அதே சேரில் போய் அப்பாடா என்று உட்கார்ந்ததும் நான்தான்.

முயல்காது பார்க்க அப்பாவியாக இருக்கும். பெரிய முள் கிடையாது. பச்சைக் காதில் மஞ்சள் பொட்டுப் பொட்டாகப் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். அந்தப் பஞ்சு மொத்தமும் முள். கண்ணுக்குத் தெரியாது, உட்கார்ந்த இடத்துக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் பரமன் ஓடிப்போய் கறுப்பு டேப்பை எடுத்துவந்தார். எங்களுக்கு மைக் செட் தொழில். திருமங்கலத்தில் காதுகுத்தோ கல்யாணமோ, 'பரமன் ஒலி ஒளி' இல்லாமல் நடக்காது. இவருக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து, வயருக்குச் சுற்றுகிற டேப். என் மகள் யோகேஸ்வரி என்னைக் கட்டிலில் குப்புறப் போட்டு டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தாள். பாதி முள் வந்தது, பாதி உயிர் போனது. நடுவில் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் யாரிடமோ விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பி வரும்போது கையில் வெள்ளைப் பசை. தடவிக் காயவிட்டு உரித்தால் முள் அதோடு வந்துவிடுமாம். வந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். தெரிஞ்சவங்க என்றாள்.

இவள் வேலை பார்ப்பது ரத்தம் சோதிக்கிற லேப்பில். அங்கே கள்ளி முள்ளுக்கும் வைத்தியம் சொல்லித் தருகிறார்கள் போல.

இந்த டைரியைக் கொடுத்தவளும் அவள்தான். "டூருக்குப் போறோம்ல, எழுதி வைம்மா, உனக்குத்தான் வாய் ஓயாதே" என்றாள். ஆறாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

அக்டோபர் 31, வெள்ளி

உட்கார்ந்தேன். எழுதுகிற அளவுக்கு இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. மழையில் கள்ளி அழுகும். வெயிலில் எத்தனை நாள் பட்டினி போட்டாலும் தாங்கும், தண்ணீர் நின்றால் மூணே நாளில் கொழகொழவென்று போய்விடும். மாடிச் செடிகளுக்கு மேலே பழைய பிளக்ஸ் பேனரைக் கட்டினேன். எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. கழுதைவால் செடி ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குக் கீழே இருக்கிறது. முத்துச்சரம் ஒரு கிடா விருந்துக்குக் கீழே. வரிக்குதிரைக்கு மேலே மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

செடிகளுக்கு இங்கிலீஷ் பேர் எனக்கு வாயில் வராது. நானே பேர் வைத்துக்கொள்வேன்.

மத்தியானம் கம்பத்திலிருந்து மதினி போன் பண்ணினார். மதினி என்றால் இவருடைய அக்கா, பேச்சியம்மா. அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். யோகுவுக்குக் காது குத்தின அன்றைக்கு இவர் மைக்கைப் பிடித்து, "எங்கக்கா மகனுக்குத்தான் என் மக" என்று ஊருக்கே அறிவித்துவிட்டார். அப்போது யோகுவுக்குப் பல் முளைக்கவில்லை. அந்த அறிவிப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது. தை பிறந்ததும் தட்டு மாத்திடணும்டா தம்பி என்றார் மதினி. சரிக்கா என்றார் இவர்.

மதினி மகன் முத்துவேல் நல்ல பையன். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவனும் யோகுவும் சின்னதிலிருந்து ஒரே தட்டில் சண்டை போட்டுத் தின்று வளர்ந்ததுகள். இன்றைக்கும் பார்த்தால் முதல் காரியம் தலையில் குட்டுவது.

யோகு ராத்திரி ஒரு தோசையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். நான் சுட்ட தோசையை இதுவரை யாரும் மிச்சம் வைத்ததில்லை. ஏன் என்று கேட்கவில்லை.

கை சும்மா இருக்கவில்லை என்று கொண்டைக்கள்ளியில் ஒரு துண்டு வெட்டினேன். சிவரக்கோட்டைப் பக்கம் தண்டவாளத்து ஓரம் கிடைத்த செடி அது. சாதாரணத் திருகுகள்ளிதான், ஆனால் நுனி நேராகப் போகாமல் சேவல் கொண்டை மாதிரி விரிந்து மடிந்து வளர்ந்திருக்கும். லட்சத்தில் ஒன்று இப்படிக் கோணும் என்கிறார்கள். எத்தனையோ பேர் கேட்டும் துளி கொடுத்ததில்லை. வெட்டின வாயில் பால் வடிகிறது. காயம் ஆற ஒரு வாரமாவது வெறுமனே கிடக்கட்டும், அப்புறம்தான் மண்ணில் வைக்கலாம். யாருக்கு என்று யோகு கேட்டாள். சும்மா என்றேன்.

நவம்பர் 5, புதன்

மூட்டை கட்டினோம். வாட்ஸ்அப்பில் எங்கள் கள்ளிச்செடி குரூப்பு ஆட்கள் சேர்ந்து ஜோத்பூருக்குப் போகிறோம். பாலைவன ஊர்த் தோட்டங்களைப் பார்க்கத்தான் டூரே. கோயில் குளம் கிடையாதா என்று இவர் முனகினார். மழைக்கு மைக் செட்டும் சும்மாதானே கிடக்கிறது என்று இழுத்துக்கொண்டு போகிறேன்.

அதிசயம், யோகு தானும் வருகிறேன் என்று லீவு போட்டிருக்கிறாள். மாடிக்குத் துணி எடுக்கப் போனால்கூட என் செடிகளைத் திட்டுகிறவள். குரூப்பில் எனக்கு டைப் அடிக்க வராது என்று இரண்டு வருஷமாக எனக்காகப் பதில் போடுவது மட்டும் அவள் வேலை. அதைத் திட்டாமல் செய்வாள். சில நாள் நான் சொல்லாததற்கும் சேர்த்துப் பதில் போடுவாள்.

பெட்டியில் இரண்டு எவர்சில்வர் தாம்பாளத்தை அடியில் வைத்தேன். எதுக்கும்மா இவ்வளவு பெரிசு என்றாள். சாப்பிடத்தான் என்றேன். மஞ்சள், குங்குமம், கொட்டைப்பாக்கு ஒரு டப்பாவில். அதற்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன். ரயிலில்

புளிச்சோறு தீர்ந்துவிட்டது. முதல் நாளே.

நாமக்கல் லோகநாயகியக்காவை நேரில் இன்றைக்குத்தான் பார்த்தேன். குரூப்பில் இரண்டு வருஷமாகக் குரலில் பேசிப் பேசி, செடி அனுப்பி அனுப்பி, பழகின ஆள். வீட்டுக்காரர் லாரி ஓட்டினவராம், தவறிப் பத்து வருஷமாகிறது. நெற்றியில் பொட்டு கிடையாது, கழுத்தில் ஒன்றும் கிடையாது. ஆனால் சிரிப்பு மட்டும் வாய் கொள்ளாது. அவர் கைராசி கல் செடியில். அது பார்க்கக் கூழாங்கல்லேதான். நடுவில் ஒரு பிளவு, அதிலிருந்துதான் பூ வரும். கடுகை விடச் சின்ன விதை. அதைப் போட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்து வளர்க்கிறார். பிள்ளை வளர்ப்பதே சுலபமுங்க என்றார்.

அவர் வளர்த்த பிள்ளையும் கூட வந்திருக்கிறான். திலீபன். கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். அவன் அம்மாவுக்கும் டைப் அடிக்க வராது, அவன்தான் அடிப்பானாம்.

என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, அவன் கேட்ட முதல் கேள்வி:

"இப்ப உக்கார முடியுதுங்களாம்மா?"

யோகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரயில் இன்னும் கிளம்பவே இல்லை, வெளியே பார்க்கத் தண்ணீர்க் குழாயைத் தவிர ஒன்றும் இல்லை. முடியுது தம்பி, வெள்ளைப் பசை நல்லா வேலை செஞ்சுது என்றேன். பையன் காது முயல்காது மாதிரி ஆகிவிட்டது, நிறம் மட்டும் சிவப்பு.

மரியாதை தெரிந்த பையன். வேறென்ன எழுத.

சாயங்காலம் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தான். எங்களுக்குச் சர்க்கரை போட்டது. யோகுவுக்கு மட்டும் சர்க்கரை போடாதது. அவள் அப்படித்தான் குடிப்பாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, எனக்கெதற்கு.

நவம்பர் 7, வெள்ளி. ரயிலில்

இவர் கையோடு கொண்டுவந்த குட்டி ஸ்பீக்கரில் வயர் விட்டுப்போனது. ஸ்பீக்கர் இல்லாமல் இவருக்குத் தூக்கம் வராது. திலீபன் என் ஊக்கு ஒன்றை வாங்கி அரை மணி நேரம் குடைந்து சரி பண்ணினான். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பையன் வயரைப் புடிக்கிற புடி நல்லாருக்கு" என்றார். இவர் என் அப்பாவைப் பற்றிக்கூட இவ்வளவு உயர்வாகச் சொன்னதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு. ஜோத்பூர்

இன்றைக்குப் பார்த்ததை எழுதக் கை பரபரக்கிறது.

கோட்டைக்குக் கீழே ஒரு பாறைத் தோட்டம். தோட்டம் என்றால் நான் பாத்தி, தொட்டி, கம்பி வேலி என்று நினைத்துப் போனேன். அங்கே பாறைதான் இருக்கிறது. செம்மண் நிறத்தில் மலை மலையாய்ப் பாறை, அந்த இடுக்கில் கள்ளி. நம் ஊர் இலைக்கள்ளியின் பெரியப்பா மகன் மாதிரி ஒன்று, இலையே இல்லாமல் கை கையாகக் கிளம்பி, ஒரு ஆள் உயரத்துக்குப் புதர் கட்டி நிற்கிறது. மண் எங்கே இருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்தேன். கைப்பிடி இல்லை. நான் மாடியில் மணல் சலித்து, கரித்தூள் கலந்து, செங்கல் தூள் போட்டு, அதற்குச் சாமி கும்பிட்டு வளர்க்கிறேன். இது எவன் தயவும் இல்லாமல் சும்மா நிற்கிறது. ஒரு பக்கம் சந்தோஷமாகவும் ஒரு பக்கம் என்னைக் கேலி பண்ணின மாதிரியும் இருந்தது.

லோகநாயகியக்கா ஒரு பாறையில் கன்னத்தை வைத்துச் சூடு பார்த்தார். எதற்கக்கா என்றேன். "கல் செடிக்கு இந்தச் சூடுதானுங் பிடிக்கும், நாமக்கல்ல நான் தகரத்து மேல வெச்சு ஏமாத்திட்டிருக்கேன்." இரண்டு பேரும் பாறைமேல் உட்கார்ந்து சிரித்ததில் மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

அப்புறம்தான் அது. திருப்பத்தில் ஒரு பெரிய புதர். அந்தப் பக்கம் யோகுவும் திலீபனும் நின்றார்கள். ஒட்டி ஒன்றும் நிற்கவில்லை, நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். பேசவும் இல்லை. யோகு கண்ணைத் துடைத்தாள். அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் நடந்த என் வீட்டுக்காரரும் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே திரும்பி, பக்கத்தில் இருந்த ஒரு காய்ந்த செடியைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். முன்னே பின்னே செடியைப் பார்க்காத மனுஷன். இது என்ன செடி என்று கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது அந்தப் பிள்ளைகள் நகர்ந்து போயிருந்தார்கள். இவரும் நிமிர்ந்துகொண்டார். இப்போது கேட்டால் பேர் தெரியாது.

நவம்பர் 10, திங்கள்

ஊருக்கு வெளியே ஒரு நர்சரி. ஒட்டுப் போட்ட கள்ளிகள் வரிசை வரிசையாக, பச்சைத் தண்டுக்கு மேலே சிவப்பு உருண்டை, மஞ்சள் உருண்டை, கோன் ஐஸ் மாதிரி. கண்ணாடி இலைச் செடி ஒன்று வாங்கினேன், இலை நுனி வழியாக வெளிச்சம் உள்ளே போகிறது, விளக்கு வைத்த மாதிரி இருக்கிறது. வெள்ளைமுடிக் கிழவன் இரண்டு. அதில் ஒன்றுக்கு இவர் சீப்பால் தலை வாரிவிட்டார்.

ஓட்டலுக்குத் திரும்பினதும் இவர் வெளியே படியில் உட்கார்ந்து போனை எடுத்தார். நம்பரைப் போடுகிறார், மணி அடிப்பதற்குள் வெட்டுகிறார். மறுபடி போடுகிறார். யாருக்குங்க என்றேன். அக்காவுக்கு, டவர் இல்ல என்றார். எட்டிப் பார்த்தேன். டவர் நாலு கோடும் நிமிர்ந்து நின்றது.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் டீக்கடையில் நானும் இவரும் மட்டும். இங்கே டீயை மண் சட்டியில் கொடுக்கிறார்கள். குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது, நல்ல நல்ல செடிச் சட்டி. நான்கைந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இவர் சட்டியை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "வாயால குடுத்த வாக்கை வாயால திரும்பி வாங்க முடியாது புள்ள" என்றார். "எங்கக்கா முகத்தப் பாத்து என்னால சொல்ல முடியாது."

ஆமாங்க என்றேன்.

அப்புறம் சம்பந்தமே இல்லாமல் தொழிலைப் பற்றிப் பேசினார். இத்தனை வருஷத்தில் எத்தனை நிச்சயத்துக்குச் செட்டு போட்டிருப்போம். எவ்வளவு சண்டை, எவ்வளவு முறுக்கல். மாமன் முறுக்கிக்கொண்டு போவான், சித்தப்பன் வேட்டியை மடித்துக் கட்டுவான். "ஆனா தட்டு மாத்திட்டாய்ங்கன்னா பாத்துக்க, ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். மாத்துன தட்டு மாத்துனதுதான். எங்கக்காவே சொல்லும்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, எதிரே நின்ற ஒட்டகத்தைப் பார்த்தார்.

நான் செடிகளைப் பற்றித்தான் யோசித்தேன். நாளைக்குக் கடைசித் தோட்டம். அங்கே ஆளாளுக்குச் செடி மாற்றிக்கொள்வது என்று குரூப்பில் ஏற்கெனவே பேச்சு. பேப்பரில் சுற்றிக் கையில் திணித்தால் என்ன மரியாதை? வெறுங்கையால் கொடுத்த செடி தழைக்காது, தட்டில் வைத்துத்தான் கொடுக்கணும் என்று லோகநாயகியக்காவிடம் சொன்னேன். அப்படி ஒரு சாஸ்திரம் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் பக்கம் உண்டு என்றேன். உங்களுக்கும் ஒரு தட்டு என்னிடம் இருக்கிறது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சரீங்" என்றார்.

வெற்றிலை மட்டும்தான் இல்லை. கடைக்குப் போய்ச் சைகையில் கேட்டேன். அவன் வெற்றிலையில் ரோஜாப்பூ, தேங்காய்ப்பூ, சர்க்கரைப்பாகு எல்லாம் வைத்து மடித்து, வாயைத் திற என்று ஊட்டியே விட்டுவிட்டான். நன்றாக இருந்தது. இன்னொன்றும் சாப்பிட்டேன். திலீபன் வந்துதான் மீட்டான். பண்ணையில் வேலை பார்ப்பவர்கள் பீகார்க்காரர்களாம், பையன் இந்தி தண்ணீர் மாதிரி பேசுகிறான். வெறும் வெற்றிலை ஒரு கட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, எதுக்குங்கம்மா என்று கேட்டான். வாய் நமநமங்குது என்றேன்.

நாளைக்குப் புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. செடிக்குத்தான் சொல்கிறேன்.

நவம்பர் 12, புதன்

யோகுவை மயில்கழுத்துக் கலர் பட்டுச் சேலையைக் கட்டச் சொன்னேன். பாலைவனத்துக்குப் பட்டா என்றாள். மணல் வெள்ளையாக இருக்கும், போட்டோவில் எடுப்பாகத் தெரியும் என்றேன். கட்டினாள். அது எப்படிப் பெட்டிக்குள் வந்தது என்று அவளும் கேட்கவில்லை.

தோட்டம் ஊரைத் தாண்டி மணல் மேட்டில். உருண்டைக் கள்ளிகள் பூசணிக்காய் பெரிசுக்கு, வெயிலில் முள் பொன் மாதிரி மின்னுகிறது. நடுவில் ஒரு பெரிய மரம். இந்தப் பக்கத்து ஆட்கள் அதற்கு வேறு ஏதோ பேர் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாதா, நம் வன்னி மரம். ஒரு கல்யாணத்துக்குச் சாட்சி சொல்ல வன்னி மரமே கிளம்பி மதுரைக்கு வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். நிழல் நன்றாக இருக்கிறது, இங்கேயே மாற்றிக்கொள்வோம் என்றேன். நிழலுக்காகத்தான்.

என் தட்டில் கொண்டைக்கள்ளித் துண்டு, வெட்டின வாய் நன்றாக ஆறித் தோல் கட்டியிருந்தது. பக்கத்தில் சும்மா இருக்கட்டுமே என்று வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், ஒரு தேங்காய். லோகநாயகியக்கா தட்டைப் பார்த்தேன். இரண்டு கல் செடி, மண் உதறி வேரோடு. அவரும் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்திருந்தார். ஒரு முழம் பூவும் இருந்தது. அந்தப் பாலைவனத்தில் பூவை எங்கே பிடித்தாரோ.

குரூப்பு ஆட்கள் சுற்றி நின்றார்கள். முதலில் நானும் இவரும் எங்கள் தட்டைக் கொடுக்க, லோகநாயகியக்கா வாங்கிப் பக்கத்துத் திண்டில் வைத்தார். அடுத்து அவர் கொடுக்கணும். தட்டைத் தூக்கினவர் அப்படியே நின்றுவிட்டார். சுற்றும் பார்த்தார். எங்கள் குரூப்பில் சேலத்துக்கார அம்மா ஒருவர், பெரிய பொட்டு, கழுத்து நிறையத் தாலிக்கொடி. அவரைப் பார்த்துத் தட்டை நீட்டினார்.

"நான் எதுக்குங்க. நீங்க குடுங்க. நல்லதுக்கு நான் கைய நீட்டி…" 

திலீபன் தலையைக் குனிந்துகொண்டான். யோகு என் முந்தானையைப் பிடித்தாள். 

இவர்தான் பேசினார். மைக்கே இல்லாமல், அவ்வளவு மெதுவாக இவர் பேசி நான் கேட்டதில்லை.

"செடிதானேம்மா. செடிக்கு என்ன தெரியும். வளத்த கை உங்க கைதான, நீங்களே குடுங்க."

லோகநாயகியக்கா கொடுத்தார். தட்டு சாய்ந்ததில் கல் செடி இரண்டும் உருண்டு பாக்கோடு போய் ஒட்டிக்கொண்டன. இவர் இரண்டு கையாலும் வாங்கினார். அப்போதுதான் கவனித்தேன், தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு வந்திருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். மணல் கொதிக்கிறது. கிழக்கே பார்த்து வேறு நிற்கிறார். செடி வாங்குவதற்கு இவ்வளவு மெனக்கெட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

வாங்கின கையோடு எங்கேயோ நாயனமும் மேளமும் கெட்டியாய்க் கிளம்பியது. இவர் சட்டைப்பையில் இருந்த குட்டி ஸ்பீக்கர். தெரியாமல் கை பட்டுவிட்டதாம். தோட்டத்துக் காவலாளி ஓடிவந்து இந்தியில் சத்தம் போட்டார். திலீபன் அவரிடம் ஏதோ சொன்னான். காவலாளி எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரித்து, ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு போனார். என்ன சொன்னாய் என்று கேட்டேன். செடி மாத்துறோம்னு சொன்னேங்கம்மா என்றான்.

நவம்பர் 13, வியாழன். ரயிலில்

யோகு சாப்பிட்ட சப்பாத்தி எத்தனை என்று எண்ணவில்லை, கண் பட்டுவிடும். இவர் இரண்டு நாளாகப் போனைத் தொடவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வீடு. கிடா விருந்து பேனர் காற்றில் கிழிந்து முத்துச்சரம் பாதி அழுகிவிட்டது. கழுதைவால் பிழைத்துக்கொண்டது.

கல் செடியை உடனே மண்ணில் வைக்கக்கூடாது, வேர் கொஞ்சம் காயணும் என்று லோகநாயகியக்கா சொல்லியிருந்தார். அதனால் அதைத் தட்டோடு சாமி அலமாரிக்குக் கீழே வைத்தேன். பழம் கறுத்துவிட்டது, எடுத்துப் போட்டேன். வெற்றிலை வாடியிருந்தது, புதிதாக வாங்கி வைத்தேன். தட்டு வெறுமையாக இருந்தால் நன்றாகவா இருக்கும்.

சாயங்காலம் இவர் கம்பத்துக்குப் போன் பண்ணினார். ஒரே தடவையில் மணி அடிக்க விட்டார். "அக்கா, நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 17, திங்கள்

மதினி முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை திராட்சை. முகத்தில் ஏற்கெனவே பாதி விஷயம் இருந்தது. இவர் தூணோரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டு, செடி மாற்றப் போன இடத்தில் தட்டு மாறிவிட்டது என்றார். "தெரியாம நடந்துருச்சுக்கா."

மதினி இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயி? தெரியாம? சுத்துப்பட்டுல பாதி நிச்சயத்துக்கு மைக்குப் புடிச்சவன்டா நீ."

 மதினி என் பக்கம் திரும்பினார். நான் திராட்சையைக் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். கம்பத்தில் நாலு பேருக்கு நான் என்ன பதில் சொல்வேன், உனக்கு ஒரு வாய் என்றால் எனக்கும் ஒரு வாய்தானே என்றார். இவரும் அழுதார். என் வீட்டுக்காரர் அழுது நான் பார்த்தது ஆம்ப்ளிபயர் எரிந்துபோன அன்றைக்கு ஒரு தடவை.

கடைசியில் மதினி யோகுவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஒனக்குப் புடிச்சிருக்கா ஆத்தா?"

யோகு தலையாட்டினாள்.  மதினி தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார், அதே முந்தானையால் தன் முகத்தையும் துடைத்தார். அந்தப் பையன் சண்டை போடுவானா என்று கேட்டார். மாட்டான் அத்தை என்றாள். அப்ப என் மகனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுக்கச் சொல்லு என்றார். பிறகு, "எங்க அந்தத் தட்டு?" என்றார்.

கொண்டுவந்து முன்னால் வைத்தேன். தட்டில் கை வைத்து வெற்றிலை போட்டால் சம்மதம் என்று அர்த்தம். இது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவர் மூச்சே விடவில்லை. மதினி கண்ணில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைத்தார், காம்பைக் கிள்ளினார், நரம்பை உரித்தார், சுண்ணாம்பு தடவினார், தட்டைப் பார்க்காமலே தடவிப் பாக்கை எடுத்து வைத்து மடித்து வாயில் போட்டார். மென்றார். இவர் மூச்சு விட்டார்.

"பாக்கு நல்ல இளசா இருக்கே. பல்லுக்கு இதமா இருக்கு. எங்க வாங்குன?"

தட்டைப் பார்த்தேன். கொட்டைப்பாக்கு எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. இரண்டு கல் செடியில் ஒன்றுதான் இருந்தது.

நாமக்கல் பாக்கு மதினி என்றேன். கொஞ்சம் சுண்ணாம்பு கூடக் கேட்டார், கொடுத்தேன். நல்லாத்தான் வளத்திருக்காக என்றார், பாக்கையா பையனையா என்று தெரியவில்லை. இதுவரை வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. மிச்சமிருக்கிற கல் செடியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மதினி நாளைக் காலையில்தான் ஊருக்குப் போகிறார்.